அன்றைக்கும் கடல் நீலம்தான்

கடிதம்:

வணக்கம் ஐயா. திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்து வெளியிட்டோம். உட்துறைமுகத்தில் வள்ளத்தில் தண்டு (துடுப்பு) வலிக்கும் ஒரு பொடியனின் கதை. 320×180 பிக்சல், 16 நிறம். இப்போது இரண்டாம் பாகம் செய்கிறோம். அதே பொடியன் கிழவனாகி, பேரனோடு பைபர் போட்டில் கடலுக்குப் போகிறான். முப்பரிமாணம், கார்ட்டூன்போல் காட்டும் செல் ஷேடிங். நடுவில் 1942 ஏப்ரல் 9 ஜப்பானியக் குண்டுவீச்சு பிளாஷ்பேக்காக வருகிறது. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் துறைமுகத்தில் மூழ்குவதைப் பொடியன் பார்க்கிறான். தோற்றத்தை மாற்றினால் பழைய ஆட்கள் ஏசுவார்களா? பிளாஷ்பேக்குக்குக் கறுப்பு வெள்ளை நல்லதா, பழுப்புச் சாயமான செபியா நல்லதா? கேம் கட்டும் மென்பொருளான என்ஜின், அதில் எது சிறந்தது?

— கே.

பதில்:

அன்புள்ள தம்பி,

ஏசுவார்கள். 2000 இல் நின்டெண்டோ கம்பனி தன் செல்டா கேம் தொடரின் வாள்சண்டை ஒன்றை நிஜத் தோற்றத்தில் காட்டி ஆசை மூட்டியது. அடுத்த வருடமே அதன் நாயகன் லிங்கைக் கார்ட்டூன் முகத்தோடு கொண்டுவந்து நிறுத்தியது. பெரிய கூச்சல். 2002 இல் ஜப்பானில் வெளிவந்த விண்ட் வேக்கர் என்ற அந்த கேமை இன்றைக்குப் போட்டாலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதே காலத்தில் நிஜம்போல் இருக்க முயன்ற பல கேம்களின் முகங்கள் இப்போது மெழுகுப் பொம்மைகள். மங்கி ஐலண்ட் என்ற கேம் தொடர் 1990 இல் பிக்சல், 1997 இல் கையால் வரைந்த கார்ட்டூன், 2000 இல் முப்பரிமாணம். 2022 இல் கடதாசி வெட்டி ஒட்டியதுபோல வந்தபோது, அதை உருவாக்கிய ரான் கில்பர்ட்டையே திட்டினார்கள், மனுசன் தன் தளத்தில் அந்த கேமைப் பற்றி எழுதுவதையே நிறுத்தினார். ஏச்சுக்குப் பயந்தால் இரண்டாம் பாகம் செய்ய முடியாது. அதை விடும்.

கறுப்பு வெள்ளையா செபியாவா என்று கேட்டீர் பாரும், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் வந்து கை வைத்திருக்கிறீர்.

பழைய போட்டோதான் கறுப்பு வெள்ளை. பழைய கடல் இல்லை. 1942 இலும் உமது ஊர்க் கொட்டியாரக் குடா நீலமாகத்தான் கிடந்தது. அந்தப் பொடியன் தன் பன்னிரண்டு வயதைச் செபியாவிலா பார்த்தான்? சினிமாக்காரர் பார்வையாளனுக்குக் காலத்தை உணர்த்த வழியில்லாமல் கண்டுபிடித்த குறுக்குவழி அது. அவர்களிடம் கண்ணும் காதும் மட்டும்தான் இருந்தன. உம்மிடம் ஆடுபவனின் கை இருக்கிறது. கையை விட்டுவிட்டுக் கண்ணுக்குச் சாயம் பூசப் பார்க்கிறீரே, இதைச் சோம்பல் என்று சொல்லாமல் என்னவென்று சொல்வது?

1997 இல் வந்த பைனல் பேண்டஸி 7 என்ற கேமை எடுத்துக்கொள்ளும். நாயகன் கிளவுட் ஐந்து வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்லத் தொடங்குகிறான். நிறம் மாறவில்லை. மெனுவைத் திறந்தால் கிளவுட் லெவல் 1, பலத்தின் அடிமட்டம். பக்கத்தில் பெரிய வீரன் செபிரோத், லெவல் 50. அவன் உங்கள் அணியில்தான் நிற்கிறான், ஆனால் உங்கள் கட்டளைக்கு அடங்கமாட்டான். கிளவுடை ஒரே அடியில் சாய்க்கும் டிராகன் அவனை ஒன்றும் செய்ய முடியாமல் செத்துப்போகிறது. இவன் எவ்வளவு பெரியவன், நான் அன்று எவ்வளவு சின்னவன் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் இரண்டு எண்கள் சொல்லிவிடுகின்றன. கிளவுட் சொன்னதில் பாதி உண்மையில்லை என்று பின்னால் தெரியவரும்போது நமக்கு வலிப்பதும் அதனால்தான். நாமே ஆடிய பொய் அது.

உமது கதையில் அந்த இரண்டு எண்களின் இடத்தில் வள்ளமும் பைபர் போட்டும் இருக்கின்றன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர். கிழவன் போட்டில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓடும், விட்டால் கொஞ்ச தூரத்தில் நிற்கும். பொடியனுக்கு அப்படி வைக்காதேயும். இடது தண்டுக்கு ஒரு பொத்தான், வலது தண்டுக்கு ஒன்று. ஒரு அழுத்தலுக்கு ஒரு வலிப்பு. ஒரு வலிப்பு முடிய ஏறக்குறைய 0.8 வினாடி என்று தொடங்கிப் பாரும், அதற்குள் மறுபடி அழுத்தினால் தண்டு தண்ணீரைப் பிடிக்காமல் வழுக்கட்டும். வலிப்பு நின்றாலும் வள்ளம் நாலைந்து வினாடி தானாகச் சறுக்க வேண்டும், இல்லையென்றால் பாரமே தெரியாது. ஒரு பக்கம் மட்டும் வலித்தால் மூக்குத் திரும்ப வேண்டும். முதல் பாகம் ஆடியவனின் விரல் இதை உடனே அடையாளம் காணும். அந்த நிமிடம் அவன் கடந்த காலத்துக்குள் போய்விட்டான். அதற்குமேல் செபியா எதற்கு?

தோற்றத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால் உமது முதல் பாகத்தின் தோற்றத்துக்கே போம். மெட்டல் கியர் சாலிட் நான்கு 2008 இல் இதைச் செய்தது. கிழவனாகிவிட்ட நாயகன் ஸ்னேக் கண்ணயர்கிறான், திடீரென்று 1998 இன் முதல் பிளேஸ்டேஷன் படத்தோடு, அன்றைய கேம் நடந்த ஷேடோ மோசஸ் தீவு வந்து நிற்கிறது, ஆடவும் தருகிறார்கள். விழித்தபின் அதே இடத்துக்குப் புதிய கிராபிக்ஸில் நடந்து போகிறோம். பத்து வருடம் என்று எழுதிக் காட்டத் தேவையே இருக்கவில்லை.

ஆனால் இதைச் சுத்தமாகச் செய்யவேண்டும். 320×180 ஐ முழு எண்ணால் மட்டும் பெருப்பியும்: நான்கால் 1280×720, ஆறால் 1920×1080. நம் ஊர் வீடுகளில் கிடக்கும் பழைய லேப்டாப் 1366×768. அதில் திரையை நிரப்ப நினைத்தால் பெருக்கம் 4.27 ஆகும், சில பிக்சல் நான்கு புள்ளி அகலமாகவும் சில ஐந்தாகவும் வந்து, கமரா நகரும்போது தண்ணீர் முழுக்க நெளியும். நான்கோடு நிறுத்தி, பக்கத்துக்கு 43 புள்ளியும் மேல் கீழ் 24 புள்ளியும் கறுப்பாக விடும். கமராவையும் முழுப் பிக்சலில் மட்டும் நகர்த்தும். பழைய தண்டுச் சத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்ய ஆசைப்படாதேயும். அதே கோப்பு.

இனிச் சேவ், அதாவது ஆட்டத்தின் நிலையைப் பதிந்துவைப்பது. நீர் கேட்கவே இல்லை, உமது கேம் இங்கேதான் உடையப் போகிறது. பிளாஷ்பேக் தொடங்கும்போது கிழவனின் இடம், பை, உயிர், கமரா, கதைக் குறிகள் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துத் தனியே வையும். பொடியனுக்கு வேறு பை. உள்ளே இருக்கும்வரை தானியங்கிச் சேவ் அந்த நகலைத் தொடக்கூடாது, ‘இப்போது 1942 இல் நிற்கிறான், இந்த இடத்தில்’ என்பதை மட்டும் குறிக்கட்டும். முடிந்ததும் நகலை மீட்டு, அதற்குப் பிறகே ‘பார்த்தாயிற்று’ என்ற குறியைப் போடும். ஆடுபவன் காட்சியைத் தாண்டிப் போனாலும் நிரலில் இதே வெளியேறும் பங்ஷன்தான் ஓடவேண்டும். தாண்டுவதற்கென்று தனியாக ஒன்று எழுதினீரோ, கிழவன் பைபர் போட்டில் தண்டோடு நிற்பான்.

பொடியன் அங்கே செத்தால்? கிழவன் உயிரோடு இருக்கிறானே! 1991 இன் மங்கி ஐலண்ட் இரண்டில் பெரும்பகுதி, கயிற்றில் தொங்கியபடி நாயகன் நாயகி எலேனுக்குச் சொல்லும் கதை. அதில் அவன் சாகும் ஓரிடத்தில் அவளே குறுக்கிட்டு, செத்தவன் எப்படிக் கதை சொல்கிறாய் என்பாள். 2003 இன் பிரின்ஸ் ஆப் பெர்சியாவில் இளவரசனே, இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை என்று திருத்திக்கொள்வான். உமக்குப் பேரன் இருக்கிறான். அவன் கேட்கட்டும்.

செல் ஷேடிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை. உருவத்தைச் சுற்றி வரும் கோட்டுக்காக உருவத்தை இரட்டித்து, முகங்களைப் புரட்டி, நார்மல் (மேற்பரப்பு பார்க்கும் திசை) வழியே வெளியே தள்ளுவீர்தானே. வள்ளத்தின் பலகை மூலைகளில் நார்மல் பிரிந்திருப்பதால் கோடு வாய் பிளக்கும். சராசரி எடுத்த நார்மலை வெர்டெக்ஸ் (மூலைப்புள்ளி) நிறத்தில் ஒளித்துவைத்து, கோட்டுக்கு மட்டும் அதைப் பாவியும்.

ஹேர்மிஸுக்கு வருவோம். அது துறைமுகத்தில் மூழ்கவில்லை ஐயா! எச்சரிக்கை கிடைத்து முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால்தான் மூழ்கடித்தார்கள். உவர்மலையில் ஏறி நின்றாலும் பொடியன் அதைப் பார்த்திருக்க முடியாது. திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் பிழையாக எழுதினால் எனக்குக் கோபம் வராதா? கோபத்தை விடும், நடந்தது உமது கற்பனையைவிட நல்ல காட்சி. ஏப்ரல் 8 இரவு. கப்பல்கள் கிளம்பிப் போகின்றன, ஏன் என்று அவனுக்குத் தெரியாது. விளக்கில்லாத துறைமுகத்தில் ஒரு சின்ன வள்ளம், இடது தண்டு, வலது தண்டு. குண்டை நீர் காட்டவே தேவையில்லை.

என்ஜின், முதல் பாகத்தை எதில் செய்தீரோ அதுவே.

முடித்தபின் முதல் பாகம் ஆடாத ஒருவரிடம் கொடுத்து, திரையைப் பார்க்காமல் அவர் விரலைப் பாரும். 1942 முடிந்து பைபர் போட்டுக்குத் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் இடது, வலது என்று தட்டிக்கொண்டிருந்தால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடும்.