கருணை மரண விவாதத்தில் இரு தரப்பும் 'கண்ணியம்' என்கிறார்களே, எப்படி?

கண்ணியம் என்றால், மனிதர் என்பதற்காகவே ஒருவருக்குச் சேர வேண்டிய மதிப்பு. அந்த மதிப்பு உயிரில் இருக்கிறதா, தன் முடிவைத் தானே எடுப்பதில் இருக்கிறதா என்பதில்தான் தகராறு. காட்பாடியில் ஒரு மனை இருக்கிறது என்று வையுங்கள். மேலே இருக்கும் வீடு இடிந்தாலும் மனையின் மதிப்பு போகாது என்கிறது கருணை மரணத்தை எதிர்க்கும் தரப்பு. பட்டா என் பெயரில், முடிவும் என்னுடையது என்கிறது ஆதரிக்கும் தரப்பு. சரி, வேலூர் ஆஸ்பத்திரி வார்டில் டயப்பர் மாற்றும்போது "திரையை இழுத்து விடும்மா" என்கிறாரே பெரியவர், அவர் கேட்பதும் கண்ணியம்தான். இந்த வாதங்களில் அது எங்கேயோ தொலைந்துவிடுகிறது.

அப்புறம், 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஊசி போட்டுச் சாக உதவ அனுமதித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிபந்தனைகளோடு நிறுத்தலாம் என்றுதான் சொன்னது.