கோரைச் சும்மா விடுங்கள்: இலகு கேர்னல் பற்றிக் கேட்டவர்களுக்கு

பெரிய கணக்குகளை ஓட்டுவதற்கென்றே எழுதப்பட்ட லைட்வெயிட் கேர்னலை (கேர்னல் என்றால் இயங்குதளத்தின் மையப் பகுதி) நிறுவுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பிள்ளைகளும் நண்பர்களும் கேட்டவை இவை. லினக்ஸ் சேவரோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

வந்தாறுமூலை மாணவி: அண்ணா, லினக்ஸில் வேண்டாததைக் கழற்றிவிட்டால் அதுதானே லைட்வெயிட் கேர்னல்?

இல்லை தங்கச்சி. எவ்வளவு கழற்றினாலும் அது லினக்ஸ்தான். லைட்வெயிட் கேர்னல், கணக்கு நடக்கிற கோரில் (செயலிக்குள் கணக்குப் போடும் அலகு) வேறொன்றும் தலைகாட்டக் கூடாது என்று அடியிலிருந்தே எழுதியது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்துக் கேட்டமௌண்ட், கிட்டன், ஐபிஎம்மின் புளூஜீன் மீக்கணினியில் ஓடிய சிஎன்கே, ஜப்பான் ரைக்கனின் மெக்கேர்னல் எல்லாம் இந்த இனம். சிஎன்கே ஒரு கோப்பைக்கூடத் தானாகத் திறக்காது. 'நீயே திறந்து தா' என்று வேறொரு நோடிடம் (மீக்கணினியில் சேர்ந்து வேலை செய்யும் இன்னொரு கணினி) அனுப்பிவிட்டுத் தன் கணக்கைப் பார்க்கும்.

கல்முனையிலிருந்து ஒருவர்: லினக்ஸின் பின்னணி வேலைகள் ஒரு வீதம்கூட வராதே. அதற்கா இவ்வளவு பாடு?

கல்லடியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றில் ஒருவர் கையை விட்டு வெற்றிலை மடித்தால் மற்ற எல்லாரும் நிற்க வேண்டியதுதான். ஒரு நோடில் விநாடிக்கு ஒரு தடவை 1 மில்லிவிநாடி இடைஞ்சல் வருகிறது என்று வையுங்கள். தனி இயந்திரத்தில் அது 0.1 வீதம், கண்ணில் படாது. அதே மாதிரி 1000 நோட், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரத்தில் இடைஞ்சல். 1 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை எல்லாரும் ஒருவருக்கொருவர் காத்திருக்கும் நிரல் என்றால், மூன்று தடவையில் ஏறக்குறைய இரண்டு தடவை யாரோ ஒருவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார்.

2003இல் லொஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஆஸ்கி கியூ இயந்திரத்தில் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். நோடுக்கு 4 செயலி. ஒன்றைச் சும்மா விட்டு 3இல் ஓட்டியபோது நிரல் கூடுதல் வேகமாக ஓடியது! இந்த இடைஞ்சல்களை (இரைச்சல் என்பார்கள்) ஒழுங்குபடுத்திய பிறகு அந்த நிரலின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது. வன்பொருளில் கை வைக்கவே இல்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி: வீட்டில் 8 கோர் டெஸ்க்டொப், புது உபுண்டு. மெக்கேர்னல் போடலாமா?

போடலாம், ஆனால் புது உபுண்டுவில் முட்டிக்கொள்ள வேண்டாம். சென்ட்ஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 7, 8 காலத்துக் கேர்னலோடுதான் மெக்கேர்னல் ஒத்துப்போகும். அந்த சென்ட்ஓஎஸ்ஸைத் தனி டிஸ்க்கில் ஏற்றுங்கள். மெக்கேர்னல் லினக்ஸைத் தூக்கிவிட்டு உட்காராது, பக்கத்தில் உட்காரும். ஐஎச்கே என்ற மொடியூல் (கேர்னலோடு சேர்த்து ஏற்றும் துணை நிரல்) லினக்ஸிடமிருந்து சில கோரையும் கொஞ்ச ராமையும் பிடுங்கி அதற்குக் கொடுக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் அதே கேர்னலின் ஹெடர்களை (அதன் அமைப்பைச் சொல்லும் கோப்புகள்) வைத்துத்தான் மொடியூலைக் கொம்பைல் செய்ய வேண்டும். இங்கேதான் நான் மாட்டினேன். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சேவர் எழும்பியது, மொடியூல் ஏறவில்லை. ராம் பழுதென்று நினைத்து இரவு 2 மணிவரை கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பார்த்தால், தானியங்கி அப்டேட் முந்தின வாரமே புதுக் கேர்னலைப் போட்டுவைத்திருக்கிறது, ரீபூட் ஆகும்வரை சத்தமில்லாமல் காத்திருந்திருக்கிறது. ஆகவே முதலில் கேர்னல் அப்டேட்டைப் பூட்டுங்கள். கணினி எழும்பும்போது சரிபார்க்கும் செக்யூர் பூட்டையும் நிறுத்துங்கள், கையொப்பமில்லாத மொடியூலை அது உள்ளே விடாது.

அப்புறம் கோர் 0ஐ லினக்ஸுக்கே விடுங்கள். ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு போல வேலை செய்யும் வசதி) இருந்தால் ஒரே கோரின் இரண்டு த்ரெட்டையும் ஒரே பக்கம் கொடுங்கள், பிரித்தால் சண்டைதான். ராமை பூட் ஆன கையோடு ஒதுக்குங்கள், நேரம் போனால் துண்டு துண்டாகி ஒரே பெரிய துண்டாகக் கிடைக்காது. 6 கோரைக் கொடுத்தபின் லினக்ஸில் டொப் (கோர்களின் வேலையைக் காட்டும் கட்டளை) திறந்து பாருங்கள். 8 இருந்த இடத்தில் 2 மட்டும் நிற்கும். அப்போது சரி. அதற்குப் பிறகு நிரலின் பெயருக்கு முன்னால் எம்சி-எக்செக் (mcexec) என்று போட்டு ஓட்டினால் அது அந்தப் பக்கம் போய்விடும்.

அம்பாறையிலிருந்து ஒரு பொறியியலாளர்: 4 பழைய சேவரில் கல்லோயா வெள்ள மாதிரியை ஓட்டுகிறோம். எங்களுக்கு இது வேண்டுமா?

வேண்டாம் சேர். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸ்தான். லினக்ஸ் எழும்பும்போது கொடுக்கும் பூட் வரியில் கணக்குக்கான கோர்களை ஒதுக்கி, அவற்றில் டைமர் டிக்கை (கேர்னல் அடிக்கடி குறுக்கிடும் கடிகாரத் துடிப்பு) நிறுத்தினாலே 4 நோடுக்குத் தாராளம். முதலில் அளந்து பாருங்கள்: ஒரே கணக்கை லட்சம் தடவை ஓட்டி ஒவ்வொரு தடவையும் நேரம் குறியுங்கள். எல்லாம் ஒரே அளவில் வந்தால் உங்கள் தாமதம் நெட்வேர்க்கிலோ டிஸ்க்கிலோதான் இருக்கிறது.

வேர்ச்சுவல் மெசினில் பழகலாமா?

ஓம், தாராளமாக. கிட்டனை கியூஇஎம்யூ என்ற வேர்ச்சுவல் மெசின் மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். ஆனால் அதற்குள் இரைச்சலை அளந்து என்னிடம் எண்ணைக் கொண்டு வர வேண்டாம். அது கிட்டனின் இரைச்சல் இல்லை, வெளியே ஓடும் லினக்ஸின் இரைச்சல்.