டெமாசெக் பற்றிக் கேட்டீங்க, சொல்றேன்

எங்கட இலங்கையில மின்சார சபை, எயார்லைன்ஸ் எண்டு பேச்சு வந்தாலே "சிங்கப்பூர் டெமாசெக் மாதிரி செய்யணும்" எண்டு யாராவது சொல்லிடுவாங்க. நான் இருபது வருசமா அரச நிறுவனங்கள்ட கணக்குப் பார்த்த ஆள், அதால கேள்விகளை எனக்கே அனுப்பச் சொன்னேன்.

கேள்வி (வெள்ளவத்தை, ஏ.எல். மாணவன்): அண்ணா, டெமாசெக் எண்டா வங்கியா, அரசாங்கத் திணைக்களமா?

ரெண்டும் இல்லை தம்பி. 1974 ஜூன் 25ம் திகதி கொம்பனிச் சட்டத்தில பதிஞ்ச ஒரு முதலீட்டுக் கொம்பனி, பங்கு முழுக்க சிங்கப்பூர் நிதியமைச்சுட கையில. பேர் சிங்கப்பூர்ட பழைய பேர்.

கேள்வி (தெஹிவளை): அரசாங்கத்திட்டயே பங்கு இருந்ததுதானே, பிறகு ஏன் தனிக் கொம்பனி?

நல்ல கேள்வி அக்கா, விசயமே இதுதான். 1968ல பிரிட்டிஷ்காரன் சிங்கப்பூர்ல இருந்த தன்ட படைத்தளங்களை மூடுறேன் எண்டு சொல்லிட்டான், சிங்கப்பூர்ல வேலை இல்லாப் பிரச்சினை, தனியார் காசு போட வரேல்ல, அதால அரசாங்கமே கண்டதிலயும் பங்கு போட்டுது. செம்பவாங் கடற்படைத் தளம் கப்பல் திருத்துற இடமாச்சு. 1974ல டெமாசெக்கிட்ட குடுத்தது 35 கொம்பனி, பெறுமதி 35 கோடியே 40 லட்சம் சிங்கப்பூர் டொலர். அந்த லிஸ்டை வாசிச்சுப் பாருங்க: சப்பாத்து செய்யிற கொம்பனி, சவர்க்காரத்தூள் கொம்பனி, பறவைப் பூங்கா, ஹோட்டல், இரும்பாலை, தொடங்கி ரெண்டே வருசமான சிங்கப்பூர் எயார்லைன்ஸ். வரியும் கொள்கையும் பார்க்கிற அமைச்சு சப்பாத்துக் கொம்பனிட லாப நட்டமும் பார்த்தா ரெண்டும் கெடும், அதான் பிரிச்சாங்க. பிறகு எயார்லைன்ஸை 1985ல, தொலைபேசிக் கொம்பனி சிங்டெல்லை 1993ல பங்குச்சந்தைக்குக் கொண்டு வந்தாங்க. 2025 மார்ச்சில மொத்தப் பெறுமதி 434 பில்லியன் சிங்கப்பூர் டொலர்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): எங்கட தமிழ்ப் பேர்க்காரர் சிலர் டெமாசெக்ல மேல இருந்தாங்களாமே?

ஓம். முதல் தலைவர் ஜே.வை. பிள்ளை, அவர்தான் 1972ல இருந்து 1996 வரைக்கும் சிங்கப்பூர் எயார்லைன்ஸ்ட தலைவரும். எஸ். தனபாலன் 1996ல இருந்து 2013 வரைக்கும் டெமாசெக் தலைவர். 2021 ஒக்டோபர்ல தலைமை நிர்வாகியா வந்தவர் டில்ஹான் பிள்ளை சந்திரசேகரா. 1979ல எங்கட எயார் லங்கா தொடங்கினதும் சிங்கப்பூர் எயார்லைன்ஸிட்ட வாடகைக்கு எடுத்த ரெண்டு போயிங் 707லதான், அதை நினைச்சா எனக்கு இண்டைக்கும் மனசு வலிக்கும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): நட்டமே படலையா?

பட்டாங்க, பெரிசாவே. மெரில் லிஞ்ச் எண்ட அமெரிக்க முதலீட்டு வங்கியில போட்டு 2009ல நட்டத்துக்கு வித்தாங்க. 2006ல தாய்லாந்தில அப்ப பிரதமரா இருந்த தக்சின்ட குடும்பத்திட்ட ஷின் கோர்ப் எண்ட தொலைத்தொடர்புக் கொம்பனியை வாங்கி அங்க பெரிய ஆர்ப்பாட்டமே வந்தது. 2022ல எஃப்டிஎக்ஸ் எண்ட கிரிப்டோ நாணயச் சந்தையில போட்ட 275 மில்லியன் அமெரிக்க டொலரையும் முழுசா நட்டக்கணக்கில எழுதினாங்க, அடுத்த வருசம் அதைச் சிபாரிசு செய்த ஆக்களுக்கும் மேலிடத்துக்கும் சம்பளத்தை வெட்டினாங்க. நான் மதிக்கிறது அதைத்தான்.

கேள்வி (வத்தளை): இங்க ஏன் நடக்கேல்ல?

ஐயா, ஒருமுறை ஒரு கூட்டுத்தாபனத்தில கணக்குப் பார்க்கப் போய் பங்குப் பதிவேட்டைக் கேட்டேன், அந்த கிளார்க் அலுமாரியைத் திறந்து ஃபைல் ஃபைலா எடுத்து மேசையில வச்சுப் பார்த்திட்டு கடைசியில அந்தக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கின சட்டப் புத்தகத்தையே என்ட கையில தந்தார். பங்கே கிடையாது! பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961ம் ஆண்டுச் சட்டத்தில பிறந்தது, மின்சார சபை 1969ம் ஆண்டுச் சட்டத்தில, அதைக் கொம்பனிகளாப் பிரிக்க 2024ம் ஆண்டுச் சட்டத்திலதான் வழி வந்தது. பங்கில்லாததை எந்தக் கொம்பனிட கையில குடுக்கிறது? முதல்ல கொம்பனியா மாத்தணும், அதுக்கு பாராளுமன்றம் போகணும். அடுத்தது, அடக்க விலைக்குக் கீழ வில் எண்டு அரசியல்வாதி சொன்னா அந்தக் காசைத் திறைசேரி குடுத்தே ஆகணும் எண்டு எழுத்தில இருக்கணும். சிங்கப்பூர்ல 1991ல இருந்து டெமாசெக் போர்டையும் தலைமை நிர்வாகியையும் மாத்த ஜனாதிபதிட சம்மதமும் வேணும், அமைச்சர் மாறினவுடன தன்ட ஆளைக் கொண்டு வந்து இருத்த ஏலாது.

கேள்வி (அதே ஏ.எல். தம்பி): புரொஜெக்டுக்கு எதில தொடங்கட்டும்?

டெமாசெக் 2004ல இருந்து வருசாவருசம் ரிப்போட் போடுது. எங்கட அரச நிறுவனம் ஒண்டின்ட ஆண்டறிக்கையையும் பக்கத்தில வச்சு, ரெண்டிலயும் நட்டம் எழுதின பக்கத்தை முதல்ல வாசி.