கொட்டியது மணிக்கட்டில், வாந்தி ஏன்?

மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கொழுந்து எடுக்கும்போது அம்மாவின் மணிக்கட்டில் ஒரேயொரு குளவி கொட்டியது. பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மூச்சிறைப்பு. ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்ட பிறகுதான் தெளிந்தார். பக்கத்து நிரையில் நின்ற அத்தைக்கு ஐந்து கொட்டு, கை வீங்கியதோடு சரி. பிரிட்டோன் குளிசையைப் பையில் வைத்துக்கொண்டு அம்மா மறுபடி மலைக்குப் போகலாமா?"

குளிசையை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

அம்மாவுக்கு முன்பு எப்போதோ குளவி கொட்டியிருக்கும். அப்போது அந்த விஷத்துக்கென்றே ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி (உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) உருவாகியிருக்கிறது. இரத்தத்தில் மிதக்கும் ஐ.ஜி.ஈயில் பாதி இரண்டு நாளில் அழிந்துவிடும். ஆனால் ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் கலங்களின் மேல் அதற்கென்றே ஒரு வாங்கி (அது வந்து பொருந்தும் இடம்) இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்துவிட்டால் கிழமைக்கணக்கில் அசையாது. (1878இல் இந்தக் கலங்களுக்குப் பெயர் வைத்த பால் ஏர்லிச், உள்ளே நிறைந்திருந்த மணிகளைப் பார்த்து, நன்றாகத் தின்று கொழுத்தவை என்று நினைத்துவிட்டார்.)

இந்த வாங்கி எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தால் அம்மாவின் கதை முழுதும் விளங்கும். மாஸ்ட் கலங்கள் தோலின் கீழ், மூச்சுக்குழாய்ச் சுவரில், குடல் சுவரில், சின்னச் சின்ன இரத்தக் குழாய்களை ஒட்டி, இதய இழையத்தில்கூட இருக்கின்றன. இரத்தத்தில் ஓடும் பேசோபில் கலங்களிலும் இதே வாங்கி உண்டு, ஆனால் அவை வெண்கலங்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

விஷப் புரதம் இரத்தத்தோடு போய், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஐ.ஜி.ஈயைச் சேர்த்துப் பிடித்தால் போதும், மாஸ்ட் கலம் ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்கள் நிறைந்த தன் மணிகளைக் கொட்டிவிடும். மணிகளைத் தோலில் கொட்டினால் தடிப்பு, அரிப்பு. குடலில் கொட்டினால் தசை இறுகி வாந்தி, வயிற்றுவலி. மூச்சுக்குழாயில் என்றால் இறைப்பு. இரத்தக் குழாய்கள் எல்லா இடத்திலும் ஒரேயடியாக விரிந்து கசியும்போது பிரஷர் சரிகிறது. உயிருக்கு ஆபத்து அதுவும், மூச்சு அடைப்பதும்தான்.

அத்தைக்கு அந்த ஐ.ஜி.ஈ இல்லாமல் இருக்கலாம், அதனால் கொட்டிய இடத்தோடு நின்றது. ஆனால் கூடு கலைந்து உடம்பெல்லாம் கொட்டினால் அது வேறு விஷயம். அங்கே விஷமே தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒவ்வாமை இல்லாதவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிரிட்டோன், ஹிஸ்டமின் வேலை செய்வதை மட்டும் தடுக்கும். அரிப்பு குறையும், அதுவும் மெதுவாக. சரிந்த பிரஷரையோ அடைத்த மூச்சையோ அது தூக்காது. தொடையில் போட்ட அட்ரினலின்தான் குழாய்களை இறுக்கி, மூச்சு வழியைத் திறந்து, மாஸ்ட் கலங்களையும் அடக்கியது.

அப்புறம், மறுபடி இப்படி ஆனால் அம்மாவை மலையிலிருந்து நடத்திக் கூட்டி வராதீர்கள். நின்றாலே பிரஷர் இன்னும் விழலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள். 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். ஊசிக்குப் பிறகு சுகமாகத் தெரிந்தாலும் வார்டிலிருந்து அவசரப்பட்டு வரவேண்டாம், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

வேலைக்குப் போவதற்கு முன் டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போய் ஒவ்வாமைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கொட்டி 4 முதல் 6 கிழமை கழித்துச் செய்வதே நம்பகமானது. கொட்டியது குளவியா தேனீயா என்று சொல்ல முடிந்தால் நல்லது, இரண்டின் விஷமும் வேறு. தோட்டத்து டிஸ்பென்சரியில் அட்ரினலின் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். அம்மா பிரஷருக்குக் குளிசை குடிப்பவர் என்றால் அதையும் காட்டுங்கள். அதில் பீட்டா தடுப்பு வகைக் குளிசை இருந்தால் அட்ரினலின் சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.