3,000 வீடுகள் போதுமா? நாடு தழுவிய குடும்பக் கணக்கெடுப்புக்கு மாதிரி எடுக்கும் முறை

கேள்வி: நாடு முழுவதும் 100 இடங்கள், இடத்துக்கு 30 வீடு என 3,000 குடும்பங்களைச் சந்திக்கத் திட்டமிட்டிருக்கிறோம். நாட்டில் 6 மண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு வேண்டும். இந்த அளவு போதுமா? மொத்தக் குடும்பங்களில் இத்தனை சதவீதம் என்று ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: சதவீதக் கணக்கு கிடையாது. துல்லியத்தைத் தீர்மானிப்பது எத்தனை குடும்பங்களைக் கேட்டீர்கள் என்பதுதான். அது மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதற்கு, பெரிய நாட்டில், அநேகமாக வேலையே இல்லை. 95% நம்பிக்கையோடு, 5 சதவீதப் புள்ளி பிழைக்குள் விடை வேண்டுமென்றால் 384 குடும்பங்கள் போதும். ஆனால் அது ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால்தான்.

நீங்கள் எடுப்பது கொத்துக் கொத்தாக. அடுத்தடுத்த வீடுகளுக்கு ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே பள்ளிக்கூடம், கிட்டத்தட்ட ஒரே வருமானம். 30வது வீடு புதிதாகச் சொல்ல அதிகம் இருக்காது. இந்த இழப்பைக் கணக்கிட, ஒரு கொத்தில் எடுக்கும் வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, ஒரே கொத்து வீடுகளுக்குள் இருக்கும் ஒற்றுமை அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஒற்றுமை 0.05 என்றால் 30 வீட்டுக் கொத்துக்கு 2.45. அதாவது 2.45 மடங்கு மாதிரி வேண்டும். 10% பேர் பதில் தராமல் போனால் உங்கள் 3,000 வீடுகள் நாட்டு அளவில் ஏறத்தாழ 3 புள்ளி பிழையில் நிற்கும். அது நல்ல அளவு. மண்டலத்துக்கு 500 வீடுதான் என்பதால் அங்கே பிழை 7 புள்ளியைத் தாண்டிவிடும்.

கொத்துக்கு 20 வீடாகக் குறையுங்கள், அந்த 2.45 மடங்கு 1.95 ஆகிவிடும். 384 × 1.95 ÷ 0.9 என்றால் மண்டலத்துக்குச் சுமார் 832 வீடு, அதாவது 42 கொத்து. ஆறு மண்டலத்துக்கும் 252 கொத்துகள், 5,040 வீடுகள். பயணச் செலவைத் தாங்க முடிந்தால் 12 வீட்டுக் கொத்துகளே எங்கள் பரிந்துரை: மண்டலத்துக்கு 56 கொத்து, 672 வீடு, இடங்கள் கூடும், வீடுகள் குறையும்.

கொத்துகளை எப்படி எடுப்பது? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகளின், அதாவது வட்டாரங்களின், பட்டியலை மண்டலம், நகரம், கிராமம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் பூகோள வரிசையில் அடுக்குங்கள். எடுத்துக்காட்டுக்கு, பிரிவு ஒன்றில் 2,10,000 வீடுகள், எடுக்க வேண்டியவை 42 கொத்துகள் என்றால் இடைவெளி 5,000. அதற்குள் ஒரு குலுக்கல் எண், 1,837 என்று வைத்துக்கொள்வோம். வீடுகளை மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். 1,837, 6,837, 11,837 எந்தெந்த வட்டாரத்தில் விழுகின்றனவோ அவையே உங்கள் கொத்துகள். பெரிய வட்டாரத்துக்கு வாய்ப்பு அதிகம், ஆனால் அங்கும் எடுப்பது 20 வீடுதான். அதனால் வீட்டுக்கு வீடு வாய்ப்பு சமமாகிறது.

மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பழைய பட்டியலை நம்பி வீடு எடுக்காதீர்கள். எல்லா வட்டாரத்திலும் புதிதாக வீட்டுப் பட்டியல் எழுதுங்கள். எழுதும் குழு வேறு, நேர்காணல் குழு வேறாக இருக்கட்டும். அவசரத்தில் விடுபடுபவை மாடியில் தனிக் குடித்தனம், பின்கட்டு அறை, கட்டுமான இடத்தில் தங்கியிருக்கும் காவலாளி குடும்பம். ஒரே கூரையின் கீழ் இரண்டு சமையல் என்றால் இரண்டு குடும்பங்கள். பட்டியலில் 240 வீடு இருந்தால் 12 வீட்டுக்கு ஒன்று. 7இல் தொடங்கினால் 7, 19, 31 என்று 235 வரை. இதை அலுவலகத்திலேயே தேர்ந்து கொடுங்கள், களத்தில் யாருடைய விருப்பத்துக்கும் விடாதீர்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு கூடவே கூடாது. பகலில் கதவு திறப்பவர்கள் பெரும்பாலும் முதியோரும் குழந்தையோடு இருப்பவர்களும். வேலைக்குப் போனவர்கள் மாதிரியிலிருந்தே நழுவிவிடுவார்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் ‘பதில் இல்லை’ என்று எழுதுங்கள். ஆளில்லாத காலி வீடு என்றால் தனிக் குறியீடு, இரண்டையும் கலக்காதீர்கள்.

கடைசியில் எடை, அதாவது மாதிரியில் வந்த ஒரு வீடு மொத்தத்தில் எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற எண். வட்டாரத்துக்குப் பட்டியலில் 150 வீடு, போய்ப் பார்த்தால் 240 என்றால், வட்டாரம் வர வாய்ப்பு 42 × 150 ÷ 2,10,000 = 0.03, வீடு வர வாய்ப்பு 20 ÷ 240. இரண்டையும் பெருக்கினால் 0.0025, எடை 1 ÷ 0.0025 = 400. அந்த 20இல் 16 வீடுதான் பதில் தந்தது என்றால் எடை 500. வட்டாரம் வளராமல் 150ஆகவே இருந்திருந்தால் அடிப்படை எடை 250தான். எடை போடாமல் கூட்டினால், வேகமாக வளர்ந்த வட்டாரங்களின் குரல் அமுங்கிப்போகும். மண்டலங்களுக்குச் சம அளவு மாதிரி எடுப்பதால், நாட்டு முடிவுக்கும் எடை கட்டாயம். இந்த எண்களை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அன்றன்றே பதிந்துவையுங்கள். பட்டியல் தாள் தொலைந்தால் எடையைப் பிறகு மீட்க முடியாது.