எம்சி எடுக்காதவர்தான் நல்ல வேலையாளா? வாசகர் கேள்வி-பதில்

இம்முறை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்துதான் அதிகக் கடிதங்கள். அநேகமாக எல்லாமே எம்சி (டாக்டர் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்பு) பற்றியவை.

கேள்வி: மில்லில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எத்தனை நாள் எம்சி உண்டு?

பதில்: வருடத்துக்கு 14 நாள். இரண்டு வருடம் முடிந்தால் 18, ஐந்து முடிந்தால் 22. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் அது தனிக் கணக்கு.

கேள்வி: மூன்று நாளாகக் காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். வேறு நல்ல மாத்திரை சொல்லுங்கள்.

பதில்: சொல்ல மாட்டேன். வாந்தி உண்டா, கெண்டைக்கால் வலிக்கிறதா, கண் சிவந்திருக்கிறதா, ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. இது டெங்கியாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். செம்பனைக் (எண்ணெய்ப்பனை) காட்டில் எலிக்குப் பஞ்சமா? டெங்கி என்றால் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து. விட்டுவிட்டது என்று மறுநாளே பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்காதீர்கள். ஆஸ்பிரின், புரூஃபென் வேண்டவே வேண்டாம். இன்றே கிளினிக்கில் ரத்தம் சோதியுங்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் இன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இருபது வருடமாகச் செம்பனைக் குலை வெட்டுகிறார். காய்ச்சலோ இடுப்பு வலியோ, எம்சி எடுத்ததே இல்லை. மண்டோர் அவரைத்தான் எல்லாருக்கும் உதாரணம் காட்டுகிறார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. எம்சி எடுக்காதவன் நல்ல வேலையாள் என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். டென்மார்க்கில் சுமார் 12,000 தொழிலாளர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் உடம்பு முடியாமலே வேலைக்குப் போனவர்கள், பிற்பாடு இரண்டு மாதத்துக்கு மேல் படுத்துவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட முக்கால் பங்கு அதிகம். முன்பே இருந்த உடல்நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான்.

அந்தக் கணக்கில் ஆபீஸ்காரர்களும் சேர்த்தி. குலை வெட்டு அப்படியா? உயர்ந்த மரத்தில் நீளக் கம்பின் நுனி அரிவாளை அண்ணாந்து இழுக்கும்போது கழுத்தும் இடுப்பும் ஒருசேர முறுகும். அப்புறம் குனிந்து 20 கிலோ குலையைத் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். இடுப்பு பிடித்த புதிதில் சில நாள் கனம் தூக்காமல் இருந்தால் தேறக்கூடிய மனிதர், தூக்கித் தூக்கியே அதை முற்றவிடுகிறார். ஒரு நாள் எம்சிக்கு மாத வருகைப்படி முழுவதையும் வெட்டுகிற தோட்டங்கள் இருக்கும்வரை ஆட்கள் நொண்டிக்கொண்டே பெரட்டுக்கு வரத்தான் செய்வார்கள். இதை நிர்வாகத்திடம் தொழிற்சங்கம்தான் பேச வேண்டும். அவரை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வரமாட்டேன் என்றால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வருட லீவில் இருந்தபோது காய்ச்சல் வந்து எம்சி எடுத்தேன். லீவு போனது போனதுதானா?

பதில்: இல்லை. எம்சி நாட்கள் எம்சியாகவே சேரும். வருட லீவு திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: வேலையில் அரிவாள் பட்டு ஐந்து நாள் எம்சி. சாதாரண எம்சியாகப் போடச் சொல்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள். அது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) கேஸ். நான்கு நாளோ அதற்கு மேலோ எம்சி இருந்தால் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும்.

கேள்வி: எம்சியை நான்காம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். சம்பளத்தை வெட்டிவிட்டார்கள். நியாயமா?

பதில்: எத்தனை முறை எழுதுவது? 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் சட்டப்படி அது சொல்லாமல் நின்ற கணக்குதான். முதல் நாளே போனில் சொல்லியிருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். இனி எம்சியைப் படமெடுத்து அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அனுப்பியதை அழிக்காதீர்கள்.