பின்வாசலில் வைத்த பேணி

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். வயது 47. கணவர் ஆசிரியர், மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், எண்பது வயதைக் கடந்த மாமி எங்களோடு இருக்கிறார். சிறு வயதில் முழுநேரத் திருச்சபை ஊழியத்துக்குப் போக விரும்பினேன், நடக்கவில்லை. என்னோடு படித்த தோழி இன்று மலையகத்தில் ஊழியம் செய்கிறாள். அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசிய போதகர், ஒவ்வொருவருக்கும் தேவன் ஒரு நோக்கத்தை வைத்திருக்கிறார் என்றும் அதைக் கண்டடையாத வாழ்க்கை வீண் என்றும் சொன்னார். அன்றிலிருந்து மனம் சோர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, வார நாட்களில் அலுவலகம், பிறகு குசினி என்பதுதான் என் வாழ்க்கை. மாமியின் சில பழக்கங்களும் எனக்குச் சங்கடமாக இருக்கின்றன. வளவு துப்புரவாக்க வருபவருக்குப் பின்வாசலில், தனியாக வைத்திருக்கும் பேணியில்தான் தேநீர் கொடுப்பார். வயது போனவரோடு சண்டை எதற்கு என்று விட்டுவிடுகிறேன். இந்த வாழ்க்கையில் தேவனுடைய நோக்கத்தை நான் எங்கே தேடுவது?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஊழியத்துக்குப் போகாத வருத்தத்தையும் தோழியையும் போதகரையும் பற்றி நீங்கள் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். பேணியைப் பற்றி இரண்டே வரிகளில், கேள்விக்குத் தொடர்பில்லாத வீட்டுச் சங்கதியைப் போலச் சொல்லிக் கடந்து போயிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அந்த இரண்டு வரிகளில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருமுன், உங்களைச் சோர்வடையச் செய்த அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

தேவன் நம் ஒவ்வொருவரையும் நோக்கத்தோடு படைத்தார் என்பதை நானும் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அந்த நோக்கம் எங்கோ ஒளித்துவைக்கப்பட்ட புதையல் என்றும், அதைக் கண்டுபிடிக்கும் வரை நாம் வாழும் நாட்கள் கணக்கில் வராது என்றும் வேதம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. யோர்தான் கரையில் யோவான்ஸ்நானகனிடம் ஜனங்கள் நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: நாங்கள் என்ன செய்யவேண்டும்? அவர் ஒருவரையும் தொழிலை விட்டு வரச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்றார். வரி வசூலித்த ஆயக்காரரிடம், கட்டளையிடப்பட்டதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள் என்றார். போர்ச்சேவகருக்கு, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமல் சம்பளமே போதுமென்று இருக்கச் சொன்னார். லூக்கா மூன்றாம் அதிகாரத்தில் இது இருக்கிறது. ஆயக்காரன் என்பவன் அந்தக் காலத்து அரச அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவன் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வாசித்துப் பாருங்கள்.

நம் ஆண்டவரே தமக்கு ஏறக்குறைய முப்பது வயதாகும் வரை நாசரேத்தில் மரவேலை செய்தார். ஊரார் அவரைப் பற்றி வியப்போடு கேட்டது, இவன் தச்சன் அல்லவா என்பதே. அந்த ஆண்டுகளைப் பற்றி சுவிசேஷங்கள் ஏறத்தாழ ஒன்றும் சொல்லவில்லை. எழுதப்படாததால் அவை வீணான ஆண்டுகள் என்று யாராவது சொல்லத் துணிவார்களா? உங்கள் தோழியின் ஊழியம் மதிப்புள்ளது, அவளுக்காகச் செபியுங்கள். ஆனால் அவளுடைய வாழ்க்கையை அளவுகோலாக எடுத்து உங்களுடையதை அளக்காதீர்கள்.

அலுவலகத்தைப் பற்றி. உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அப்படி வரிசையில் நின்றவள். காணி உறுதியைத் தொலைத்த முதியவர், கணவனின் மரணப் பதிவுக்காக மூன்றாவது தடவை வரும் பெண், சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் கூச்சப்படுபவர். இவர்களிடம் ‘நாளைக்கு வாங்கோ’ என்ற ஒரு சொல்லின் விலை ஒரு நாட்கூலியும் பஸ் செலவும் ஆகும். எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பதை முதல் நாளிலேயே முழுமையாக, அவர்களுக்கு விளங்கும் தமிழில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

இதைச் சொல்லும்போது மானிப்பாயில் வாழ்ந்த மருத்துவர் சாமுவேல் கிறீனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்க மிஷனால் அனுப்பப்பட்டு 1847இல் இங்கு வந்த அவர், தம்மிடம் வந்த இளைஞருக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடிவுசெய்து, அதற்காகப் பெரிய பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரைப் பிரசங்கியாக நினைவுகூருபவர்கள் குறைவு. நோயாளியும் அவனைப் பார்ப்பவனும் ஒருவருக்கொருவர் விளங்க வேண்டும் என்று அவர் பட்ட பாட்டை மானிப்பாய் மறக்கவில்லை. விளங்கப்பண்ணுவதே ஓர் ஊழியமாக இருக்க முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே இருக்கும் சாட்சி அது.

இனிப் பேணிக்கு வருகிறேன்.

என் அம்மம்மாவின் வீட்டில் பின்புற வேலியில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். அது யாருக்கு என்று நான் சிறுமியாகக் கேட்டபோது, ‘அது அவைக்கு’ என்ற விடை கிடைத்தது. அம்மம்மா அதிகாலையில் எழுந்து செபிப்பவர், உலை வைக்குமுன் கோயிலுக்கென்று பிடியரிசி எடுத்து வைப்பவர். அவருடைய விசுவாசத்தை நான் இன்றும் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த விசுவாசம் முன்வாசலால் வந்து, அடுப்படி வரைக்கும் நடந்து, பின்வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டது. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் சமத்துவம் கேட்டு இந்த மண்ணில் மனிதர்கள் அடிபட்டார்கள். சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. எந்தச் சட்டமும் ஒரு வீட்டின் குசினித் தட்டில் எந்தப் பேணி தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்து பார்க்காது. அங்கே போக வேண்டியது நம்முடைய விசுவாசம்தான்.

யோவான் நான்காம் அதிகாரத்தில் இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர்கள் சமாரியருடனே சம்பந்தங்கலவாதவர்கள் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அந்த மூலச் சொல்லுக்கு, ஒரே பாத்திரத்தைப் புழங்குவதில்லை என்ற பொருளும் உண்டென்று வேத அறிஞர் சிலர் விளக்குவார்கள். கிணறும் பாத்திரமும் எதைக் குறிக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் விரிவுரை செய்யத் தேவையில்லை. அவளுக்கு ஜீவத்தண்ணீரைப் பற்றிச் சொல்லுமுன், அவளுடைய குடத்துத் தண்ணீரைத் தமக்குத் தரும்படி அவர் கேட்டார்.

‘சண்டை எதற்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதே மனநிலை பேதுருவுக்கும் வந்தது. அந்தியோகியாவில் அவர் யூதரல்லாத புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். அவருடைய உபதேசத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எழுந்து போய் வேறு இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவே. அதற்காகப் பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்கும்போது, சாப்பிடும் இடம் சுவிசேஷத்தின் சத்தியத்தோடு எவ்வளவு நெருங்கிய காரியம் என்பது விளங்கும்.

ஆனால் நீங்கள் மாமியை எல்லாருக்கும் முன்பாகக் கண்டிக்க வேண்டாம். பேதுரு ஒரு தலைவர், மாமி எண்பது வருடங்களாக ஒன்றையே பார்த்து வளர்ந்த முதியவர். அவரிடம் தனியாக, செபத்துக்குப் பிறகு, அமைதியாகப் பேசுங்கள். அதை முதலில் பேச வேண்டியவர் உங்கள் கணவர், ஏனென்றால் அது அவருடைய தாய். மருமகள் பேசினால் அது மாமி மருமகள் பிணக்காகிவிடும், மகன் பேசினால் வீட்டின் முடிவாக நிற்கும். மாமியின் மனம் மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. வீட்டில் எல்லாரும் குடிக்கும் கோப்பைகளில் ஒன்றில் வளவு துப்புரவாக்க வருபவருக்குத் தேநீர் ஊற்றுங்கள், முன் விறாந்தையில் கதிரை போடுங்கள், உங்களுக்கும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கூட இருந்து குடியுங்கள். அவர் உங்களிலும் வயதில் மூத்தவரானால் ‘அண்ணை’ என்று அழையுங்கள், வீட்டிலுள்ள எல்லாரும் ‘நீங்கள்’ என்றே பேசட்டும். கூலியையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள், மரியாதை வார்த்தையில் கூடிக் காசில் குறைந்திருந்தால் அது மரியாதையாகாது.

அவர் முதல் நாளே உட்கார்ந்துவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘பரவாயில்லை அம்மா, இங்கேயே நிக்கிறன்’ என்று சொல்லக்கூடும். வற்புறுத்தி உட்காரவைத்து, அவருடைய கூச்சத்தை உங்கள் நற்செயலுக்கு விலையாக்காதீர்கள். அடுத்த முறையும் கதிரை போடுங்கள். இதைச் சபையின் சாட்சி நேரத்தில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் வந்தால், தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தது வேலைக்காக, உங்கள் சாட்சியில் ஒரு பாத்திரமாக இருப்பதற்காக அல்ல.

கடினமான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோப்பையை மாற்றுவது சுலபம். உங்கள் மகளுக்குக் கலியாணம் பேசும் நாள் வரும். அன்று, ஒரே அப்பத்தில் பங்குபெறும் நம் சபைக் குடும்பங்களே முதலில் விசாரிப்பது எதை என்று உங்களுக்குத் தெரியும். அந்த நாளில் என்ன சொல்வது என்பதை நீங்களும் கணவரும் இப்போதே பேசி முடிவெடுங்கள். தரகர் வந்து விறாந்தையில் இருக்கும்போது யோசிக்கத் தொடங்கினால் துணிவு வராது.

உங்கள் களைப்பும் கடிதத்தில் தெரிகிறது. எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்ற வசனத்தைக் காட்டி, குசினி வேலை முழுவதையும் பெண்ணின் தலையில் வைப்பவர்கள் நம்மிடையே உண்டு. அது சுமையிறக்க வழியில்லாத அடிமைகளுக்குச் சொல்லப்பட்ட ஆறுதல், சுமையைப் பகிர மறுப்பவர்களுக்குக் கொடுக்கப்பட்ட சாக்கு அல்ல. மாலைச் சமையலில் பாதியைக் கணவர் ஏற்கட்டும். அப்படிக் கிடைக்கும் அரைமணி நேரத்தில் மௌனமாக இருந்து செபியுங்கள். 1928இல் யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் தொடங்கிய செபமாலைத் தாசர் சபையின் துறவிகள் செபத்தையும் உழைப்பையும் ஒரே நாளுக்குள் சேர்த்தே வைத்தார்கள், ஒன்றுக்காக மற்றதைக் கைவிடவில்லை. வீட்டிலிருக்கும் நமக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

செபிக்கும்போது சகரியாவின் கடைசி அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய நாளில் குதிரைகளின் மணிகளிலும் கர்த்தருக்குப் பரிசுத்தம் என்று எழுதியிருக்கும் என்றும், எருசலேமிலும் யூதாவிலுமுள்ள பானைகள் எல்லாம் பரிசுத்தமாயிருக்கும் என்றும் அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. பானைகள் எல்லாம் என்றால் பின்வாசற் பேணியும் அதில் அடங்கும். வளவு துப்புரவாக்க வருபவர் அடுத்த முறை வருவதற்கு முன்பாகவே கணவரோடு இதைப் பேசிவிடுங்கள்.